கண்ணாடி பார்

என் கடையில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. அதில் முகம் பார்க்க முடியாது. மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் முகம் தெரியாத கண்ணாடியை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் கண்ணாடி அது. பர்மாத் தேக்கில் சட்டம், சட்டம் முழுக்கத் திராட்சைக் கொடி, கொடிக்குள் கிளிகள், உச்சியில் இரண்டு பக்கமும் சங்கு ஊதுகிற பெண்கள். எல்லாம் சரிதான். ஆனால் முன்னால் போய் நின்றால் முகம் வரவேண்டிய இடத்தில் ரசம் போய்விட்டது. கழுத்துவரை தெரிவீர்கள், அதற்கு மேலே பழுப்பாக ஒரு மூட்டம் இருக்கும். புது ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு ஆசையாகப் போய் நின்றவர்கள் சட்டைக் காலரை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள். அவர்களுக்காகக் கவுண்டரில் கைக்கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். பெரியது எதற்கு என்று விடாமல் கேட்டால், அழகுக்கு என்று சொல்லி வைப்பேன்.

அந்தக் கண்ணாடி முன்பு இருந்த இடத்துக்குக் 'கண்ணாடி பார்' என்று பெயர். பலகையில் வேறு ஏதோ எழுதியிருந்தது, அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. கோவில்பட்டியில் பருத்தி மூட்டைகளை அடுக்கிவைக்கும் பழைய கிட்டங்கிகள் இருந்த சந்துக்குள், வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிக் கிடக்கிற வீடு மாதிரி ஒரு கட்டடம். முதலாளியின் தாத்தா வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பருத்தித் தரகு பார்த்தவர். துரைமார் வந்தால் உட்காரவைக்க ஒரு கூடம் கட்டினார். ரங்கூனிலிருந்து தேக்கும் கண்ணாடியும் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் கரிசல் காட்டைத் தாண்டி வந்தனவாம். துரைமார் போனார்கள், தரகும் போயிற்று. மதுவிலக்குத் தளர்ந்த காலத்தில் பேரன் அந்தக் கூடத்தை அப்படியே பார் ஆக்கிவிட்டார். ஆறே ஆறு மேசைகள். தரையில் பூப்போட்ட சீமை ஓடு, பிரம்மாண்டமான நான்கு தூண்கள், கூரையில் மரத்தில் குடைந்த தாமரைகள். ஜன்னல்களுக்கு மேலே விசிறி மாதிரி வண்ணக் கண்ணாடி பதித்திருந்தார்கள். சாயங்கால வெயில் அதன் வழியாக இறங்கும்போது ஒரு மேசையில் இருப்பவர்கள் எல்லாம் சிவப்பாகவும் அடுத்த மேசையில் இருப்பவர்கள் எல்லாம் பச்சையாகவும் இருப்பார்கள். பச்சை மேசையில் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து இடம் மாறிவிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. வாசல் நிலையில் கஜலட்சுமி செதுக்கியிருந்தது. தினமும் காலையில் கடை திறக்கும் முன்னால் முதலாளி ஸ்டூல் போட்டு ஏறி, அம்மனை ஒரு சிவப்புத் துணியால் மூடிவிடுவார். குடிக்கிறவன் உள்ளே வருவதை லட்சுமி பார்க்கக் கூடாது என்பது அவர் கணக்கு. கடை அடைத்த பிறகு துணியை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பத்தி கொளுத்துவார். இன்னொரு வழக்கம், அங்கிருந்து கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் சொல்ல மாட்டோம்தான். போகும்போது 'வாரேன்' என்போம், வரும்போதும் 'வாரேன்' என்போம். ஆனால் குடித்தவன் வாயில் எது வேண்டுமானாலும் வருமே. யாராவது மறந்துபோய் 'போறேன்' என்றால் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வாசலை மறித்துக்கொண்டு, "வாரேம்னு சொல்லிட்டு எறங்கும்வே" என்பார். சொல்லாமல் விட மாட்டார். நாளைக்கும் வியாபாரம் நடக்க வேண்டும் என்ற கவலை என்றுதான் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

நான் குடிப்பவன் இல்லை. என்னை அங்கே அனுப்பியது என் அக்கா. அத்தானுக்குத் துணையாக இரு என்று சொல்லி அனுப்பினாள். தொண்ணூறுகளின் கடைசியில் அது நடந்தது. அத்தான் கழுகுமலை சாலையில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மருந்து ரூம் போர்மேன். எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நெட்டையான, வேட்டி நுனியில்கூட அழுக்குப் படாத மனிதர். பேசுவது குறைவு, பேசினால் எதிராளி சிரிக்காமல் இருக்க முடியாது. என் கடையைத் திறந்துவைக்க வந்த அன்று, வியாபாரம் பெருக வேண்டுமென்றால் ஊரில் இருக்கிற வெற்றிலைக் கடைகளில் எல்லாம் பொடி எழுத்தில் பஞ்சாங்கம் ஒட்டிவை என்று யோசனை சொன்னவர். எனக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். அந்தக் கார்த்திகை மாதம் அவருடைய ரூமில் தீப்பிடித்தது.

அதைப் பற்றி அத்தான் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்று தீக்குச்சி அடுக்கிய சட்டங்களை மருந்தில் முக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்ததால், மஞ்சள் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "போகவா அண்ணாச்சி" என்று கேட்டிருக்கிறார். மீதி நாலு சட்டம் இருந்தது. "செத்த இரு" என்று சொல்லிவிட்டு இவர் கேட் பக்கம் போயிருக்கிறார். அந்த அம்மா பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே திரும்பிப் போயிருக்கிறார். பத்து நிமிஷம். அத்தான் ஓடி வந்து அவரை வெளியே இழுத்தார், இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிற்று. அந்த அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். அத்தான் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரரே வந்து, நீங்கதான் அண்ணாச்சி தூக்குனீங்க என்று கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். கட்டுப்போட்ட கை. அத்தானுக்கு வலித்திருக்கும், ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கண்ணாடி பாருக்குப் போக ஆரம்பித்தார்.

அக்கா அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ரகம் இல்லை. ஒரு நாள் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கண் டெஸ்ட் பண்ணுகிற போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிக்கத நிறுத்த முடியாதுல. தனியா மட்டும் விடாத. கூட இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திரு" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அங்கே போய்விடுவேன். எனக்கு ஒரு சோடாவும் அவித்த மொச்சையும் வரும். சப்ளையர் அண்ணாச்சி ஐம்பது வயதுக்காரர், பார் திறந்த நாளிலிருந்து அந்த ஆறு மேசைகளைச் சுற்றி வருகிறவர். சோடா குடிப்பவனை அவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார். எட்டு மணிக்கு அத்தான் எழுந்திருப்பார், நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்து வீட்டில் விடுவேன். அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைப்பாள். அதுதான் என் வேலை. அதில் ஒரே ஒரு நாள் தவறினேன்.

அத்தான் எப்போதும் ஒரே நாற்காலியில்தான் உட்காருவார். வாசலுக்கு முதுகு, கண்ணாடிக்கு முகம். மார்கழியில் அந்தக் கண்ணாடியில் கூரைத் தாமரைகள் மட்டும்தான் தெரிந்தன. இது என்ன வித்தை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சப்ளையர் அண்ணாச்சிதான் விளக்கினார். கரிசல் மண்ணில் கட்டிய கட்டடம் சும்மா நிற்காது. மழைக்கு மண் ஊதும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். சுவர் கூடவே அசையும். அடைமழையில் கண்ணாடி மல்லாந்து கூரையைக் காட்டும், சித்திரையில் குனிந்து தரையைக் காட்டும். தை பாதியிலிருந்து மாசி தொடக்கம்வரை ஒரு இருபது நாள்தான் நிமிர்ந்து நின்று வாசலைக் காட்டும் என்றார். கண்ணாடித் தொழில் செய்கிற எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும், உள்ளே தெரிவது முழக்கணக்கில் நகரும். கண்ணாடி வாசலைக் காட்டுகிற நாட்களில் அங்கே வருகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யார் வருகிறார்கள் என்று கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

தை மாதம் பாதி போயிருக்கும். வாசல் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. அன்று அத்தான் டம்ளரைத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில், "மாப்ளே, பின்னால நிக்கது யாரு?" என்றார். திரும்பிப் பார்த்தேன். வாசலில் துணித் திரை தொங்கியது, வேறு யாரும் இல்லை; கண்ணாடியிலும் எனக்குத் திரைதான் தெரிந்தது. சொன்னேன். "நல்லாப் பாரு. ஊதாச் சீலை. கையில மஞ்சப் பை. உள்ள வரவும் மாட்டேங்கா, போகவும் மாட்டேங்கா" என்றார். முகம் தெரிகிறதா என்று கேட்டேன். முகம்தான் தெரியவில்லை என்றார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வாசலில் நிற்பவரின் தலை சரியாக ரசம் போன இடத்துக்குள் விழும். அதைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். சிரித்தார். கணக்கு சரிதான், ஆளையும் கணக்குப் போட்டுச் சொல்லு என்றார். அவர் யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்று, போகவா என்று கேட்டவரைத்தான். அந்த அம்மா அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தார் என்று கேட்டதற்கு மட்டும் அத்தானால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே அவரைக் கடைக்கு வரவழைத்துக் கண்ணைச் சோதித்தேன். போர்டில் கடைசி வரிசை வரைக்கும் தடங்கல் இல்லாமல் வாசித்தார். அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் வாசித்துவிட்டு, போதுமா என்று கேட்டார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்காலமும் அவள் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். அத்தான் பயந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. விருந்தாளி வாசலில் நிற்கும்போது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி ஒரு சங்கடம்தான் அவர் முகத்தில் இருந்தது. ஒரு நாள் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "நான் எந்திரிச்சாத்தான் அவ போவா போலுக்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். குடியில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அன்று அவர் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் ஆறு மணிக்கு நான் போனபோது அத்தான் வந்திருக்கவில்லை. ஆறே காலுக்குக் கல்லாவில் இருந்த போன் அடித்தது. முதலாளி எடுத்து, உங்களுக்குத்தான் என்று என்னிடம் நீட்டினார். பின்னால் ரயில் நிலையத்து இரைச்சல் கேட்டது. "மாப்ளே, அங்கனதான் இருக்கியா? கண்ணாடியப் பாரு. அவ நிக்காளா?" என்றார் அத்தான். பார்த்தேன். வாசல் காலியாகத்தான் இருந்தது. யாரும் இல்லை அத்தான், வாங்க, காத்துக்கிட்டிருக்கேன் என்றேன். "சரி. அப்ப வாரேன்" என்றார். போன் வைக்கப்பட்டுவிட்டது. முதலாளி, என்ன சொல்றாரு என்று கேட்டார். வாரேன்னு சொன்னாவ என்றேன். சப்ளையர் அண்ணாச்சி துணியை எடுத்து அத்தானின் மேசையைத் துடைத்து, டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. எழுந்து நடந்திருந்தால் பத்து நிமிஷம். வாரேன் என்று சொன்னவரைத் தேடிக்கொண்டு யார் போவார்கள்? வழியில் ஆளுக்கு ஒரு பாதையில் மாறிப் போய்விடுவோமே என்று வேறு நினைத்தேன். வெயில் இறங்கி, சிவப்பும் பச்சையும் தரையிலிருந்து சுவருக்கு ஏறி மறைந்தன. ஏழு மணி வாக்கில் சப்ளையர் அண்ணாச்சி கண்ணாடியைப் பார்த்தபடியே, "இந்தா வந்துட்டாருல்லா" என்று சொல்லிக்கொண்டு சோடாவை உடைத்தார். நான் சந்தோஷமாகத் திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. திரை மட்டும், யாரோ இப்போதுதான் விலக்கிவிட்டது போல ஆடிக்கொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். சந்தில் காற்றே இல்லை. திரும்பி வந்தபோது சப்ளையர் அண்ணாச்சி உடைத்த சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நெத்தியில் துன்னூறு பூசிக்கிட்டு நின்னாரே என்று மட்டும் சொன்னார். நெற்றி தெரிய வழியில்லை, அந்த இடத்தில் ரசம் இல்லையே என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடியைத் துடைத்தவர், அவருக்கே தெரியும்.

அத்தான் வரவில்லை. அன்று மட்டுமில்லை, பிறகும் வரவில்லை. அவருடைய சைக்கிள் கோவில்பட்டி ரயில் நிலையத்தில் பூட்டியபடி இருந்தது. மணியாச்சியில் இறங்கிப் பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாக ஒரு டீக்காரர் சொன்னார். மணியாச்சி ஜங்ஷன். அங்கேயிருந்து ஒருவர் எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் போகலாம். போலீசும் பார்த்தது, நாங்களும் திருச்செந்தூரிலிருந்து ராமேஸ்வரம்வரை போட்டோவைக் காட்டிக்கொண்டு அலைந்தோம். ஆளும் கிடைக்கவில்லை, வேறு தகவலும் கிடைக்கவில்லை. அவர் வராத அன்றைக்கு ராத்திரி அக்கா கதவைத் திறந்து என்னைத் தனியாகப் பார்த்ததும், அவிய என்ன சொன்னாவ என்று கேட்டாள். வாரேன்னு சொன்னாவ என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் மறக்கவே முடியாது.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் 'வாரேன்' என்று சொல்லவில்லை. 'அப்ப வாரேன்' என்று சொன்னார். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வந்துகொண்டிருக்கிறவன் 'இந்தா வாரேன்' என்பான். 'அப்ப வாரேன்' என்பது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவன் சொல்வது. அந்த ஒரு சொல்லை நான் அக்காவிடம் விழுங்கிவிட்டேன். தெரிந்து செய்யவில்லை, அப்போது அது ஒரு சொல்லாகவே எனக்குத் தோன்றவில்லை. தோன்றிய பிறகு சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் பொட்டை நானே அழிக்கிற மாதிரி இருக்கும் என்று பயந்தேன். அதோடு, வாங்க என்று நான் கூப்பிட்டதற்கு அவர், சரி அப்படியானால் வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு நானே ஒரு வக்கீல் வைத்து வாதாடினேன். அக்கா காத்திருந்தாள். ராத்திரி ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்தாள். மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றி அவளே சாப்பிட்டாள். வீட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை, வெறுமனே சாத்தி வைத்தாள். ஒற்றைப் பொம்பளை இருக்கிற வீடு, தாழ்ப்பாள் போடு என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவிய வந்து தட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும் என்பாள். இப்படியே வருஷங்கள் போயின.

தனியார் ஒயின் கடைகளை எல்லாம் மூடிவிட்டு அரசாங்கமே விற்கத் தொடங்கியபோது கண்ணாடி பாரும் மூடியது. இரண்டு மாதம் கழித்து, தை மாதத்தில், முதலாளி ஆள் அனுப்பினார். கட்டடத்தைக் காலி செய்கிறார்கள், கண்ணாடியை என்ன செய்யலாம் என்று நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஊரில் கண்ணாடி பற்றித் தெரிந்தவன் நான்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். மூக்குக்கண்ணாடிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க எனக்கு அவகாசம் தரவில்லை. அந்த ஆள் சொன்னபோது அக்கா என் வீட்டில் இருந்தாள். "நானும் வாரேன்" என்றாள். பார் மூடியாகிவிட்டது, இனி அது வெறும் வீடுதானே என்றாள். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் காய்கறி வாங்க வேண்டும், நீ முன்னால் போ என்று பாதி வழியில் நின்றுகொண்டாள்.

உள்ளே நாற்காலிகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். அத்தானின் மேசையும் நாற்காலியும் மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தன. சப்ளையர் அண்ணாச்சி ஊருக்குப் போவதற்கு முன்னால், அதை யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கல்லாப் பக்கம் ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தை மாதம் என்பது என் நினைவிலேயே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்குள் வாசல் இருந்தது. வாசலில் ஊதாச் சேலை. கையில் மஞ்சள் பை. கழுத்துக்கு மேலே பழுப்பு மூட்டம். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பின்னாலிருந்து குரல் கேட்டது. "உள்ள வரலாமால?"

அக்காதான். அந்தப் பொங்கலுக்கு என் மனைவி எடுத்துக்கொடுத்த சேலை அது. புதுசு, பாதி வழி கூட நடந்து வந்தும் அதன் நிறத்தை நான் கவனித்திருக்கவில்லை. அத்தான் இருந்த காலத்தில் அவளிடம் ஊதா நிறத்தில் ஒரு ரவிக்கைகூடக் கிடையாது. காய்கறி வாங்கிய துணிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆண்கள் மட்டும் புழங்கிய இடத்துக்குள் கால் வைக்கலாமா என்று தயங்கி நின்றிருக்கிறாள். என்னல இப்படிப் பாக்க என்று கேட்டாள். அவள் நிமிர்ந்து நிலையைப் பார்த்தாள். துணி போர்த்தாத கஜலட்சுமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதலாளி கூச்சத்தோடு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாங்கம்மா என்றார். அவள் உள்ளே வந்து தூண்களையும் தாமரைகளையும் சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு அழகாவா இருக்கும் என்றாள். இத்தனை வருஷமாக அவள் மனதில் அந்த இடம் எப்படி இருந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பிறகு, அவிய உட்காருத எடம் எது என்று கேட்டாள். எழுந்து நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். போன் எங்கே இருந்தது என்றாள். காட்டினேன்.

"அவிய சொன்னத அப்படியே சொல்லு" என்றாள். "நீ சொல்லுத மாதிரி இல்ல, அவிய சொன்ன மாதிரி."

அந்தக் கூடத்தில், அந்தக் கண்ணாடிக்கு முன்னால், எனக்குப் பொய் வரவில்லை. குரல் தானாகவே அத்தானின் குரல் மாதிரித் தணிந்தது. "சரி. அப்ப வாரேன்" என்றேன்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். சிவப்பு வெயில் அவள் மடியில் கிடந்த மஞ்சள் பையில் விழுந்திருந்தது. கல்லாப் பக்கம் முதலாளியின் கை நின்றுவிட்டது. "அப்பன்னு சொன்னாவளா" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். தலையசைத்தேன். இத்தனை வருஷமும் இதை நீ மட்டும் வைத்துக்கொண்டிருந்தாயா என்று கேட்பாள், அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். எதுவும் நடக்கவில்லை. சேலைத் தலைப்பால் மேசையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை துடைத்தாள். எழுந்து நாற்காலியைச் சத்தம் வராமல் மேசைக்குள் தள்ளினாள். என்னைப் பார்க்காமல் வாசல்வரை நடந்து, அங்கே நின்று திரும்பினாள். எங்களைப் பார்த்துத் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

"அப்ப, நான் போறேன்" என்றாள்.

பழக்க தோஷத்தில் முதலாளி பாதி எழுந்துவிட்டார். வாரேம்னு சொல்லிட்டு என்று வாயெடுத்தவர், அப்படியே நிறுத்தி, திரும்ப உட்கார்ந்துகொண்டார். நான் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதாச் சேலை அதிலிருந்து விலகியது. வாசல் காலியாக இருந்தது. அன்று ராத்திரி அக்காவை அவள் வீட்டில் விட்டுவிட்டுத் தெருமுனைகூடத் திரும்பவில்லை, பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நடுத்தெருவில் நின்று நான் அழுதேன்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். பொட்டு வைத்துக்கொள்கிறாள், தாலியும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உலையில் அரிசி ஒரு ஆளுக்கு மட்டும் போடுகிறாள். கண்ணாடியில் அத்தான் பார்த்ததை மட்டும் நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இறந்தவர் நிற்கிறார் என்று நினைத்து அவர் எழுந்து போனார். நின்றது, பிற்பாடு ஒரு தையில் 'போறேன்' சொல்ல வரப்போகிற அவருடைய பெண்டாட்டிதானோ என்னவோ என்று சொன்னால், தன்னால்தான் அவர் போனார் என்று அவள் மறுபடியும் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். அதனால் அதையும் விழுங்கி வைத்திருக்கிறேன். கண்ணாடியை முதலாளி என்னிடமே தள்ளிவிட்டார். என் கடை காங்கிரீட் கட்டடம், ஆழமாகத் தோண்டிக் கட்டியது, எந்த மாதத்திலும் அசையாது. மாட்டும்போது வாசல் தெரியாதபடி ஷெல்ஃப் பக்கமாகத்தான் திருப்பி மாட்டினேன். ஆனாலும் சாயங்காலம் யாராவது ஃப்ரேமைச் சரிபார்த்துப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப வாரேன் அண்ணாச்சி" என்று படியிறங்கினால், நான் போகிறவரைப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் யார் வருகிறார் என்று பார்க்கிறேன்.